நெல் வித்த காசில் குங்கிலியம்

"சித்தப்பா, பதினாறு போதுமா, முப்பத்திரண்டு வேணுமா?"

2026, தை மாதம். அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய இரண்டாவது நாள். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியப்பா மகன் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி கேட்டவன் அண்ணன் மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். பதினாறா முப்பத்திரண்டா என்று அவன் கேட்டது நெல் மூட்டையை அல்ல. கம்ப்யூட்டருக்குள் போடுகிற ரேம். ஜிபி கணக்கு.

கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராஃபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை என்று எழுதி, பக்கத்திலேயே இரண்டு விலை. ஒன்று 2025 அக்டோபரில் அவன் விசாரித்த விலை. இன்னொன்று இந்த வருஷப் பொங்கலுக்கு விசாரித்த விலை. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ரேம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. கூட்டுத்தொகை 92 ஆயிரம்.

எதற்கு? கார் ரேஸ் ஓட்டுவதற்கு. நிஜக் கார் இல்லை. திரையில் ஓடுகிற கார். சிம் ரேஸிங் என்பார்கள். கையில் நிஜ ஸ்டியரிங், காலுக்கு நிஜ பெடல், முன்னால் திரையில் நிஜப் பந்தயத் தடத்தின் நகல். டயரில் எத்தனை காற்று, ஸ்பிரிங் எத்தனை விறைப்பு என்று எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் வண்டி வளைவில் சுற்றிக்கொண்டு வெளியே போகும்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "ஏன்டா, நீதான் பி.காம். படிச்சவன். பத்திரிகையில வேற எழுதுற. உரக்கடைப் பாக்கி, அறுக்குற மெஷின் வாடகை, சொசைட்டிக் கடன் எல்லாம் போக ஒரு லட்சத்துச் சொச்சம் நிக்கிது. அதுல தொண்ணூத்திரண்டை இந்தப் பய கேக்குறான். நியாயமா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா சரி."

உள்ளேயிருந்து அண்ணி குரல் மட்டும் வந்தது. "குங்கிலியம் வாங்கின கதையா ஆயிடப் போவுது, தம்பி."

அந்த ஊரில் இந்த உதாரணத்துக்கு விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குங்கிலியக் கலய நாயனார் திருக்கடவூர்க்காரர். வீட்டில் பசி. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வாருங்கள் என்று அனுப்புகிறார். வழியில் குங்கிலியம் விற்கிறவன் எதிரே வருகிறான். மனுஷர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்வது இது. அதே நாயனார்தான் பிற்பாடு திருப்பனந்தாளுக்கு வந்து, சாய்ந்து நின்ற லிங்கத்தை நிமிர்த்தினார். அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

நாயனாருக்குக் கடவுள் வீடு நிறைய நெல்லும் பொன்னும் கொடுத்தார். அண்ணனுக்கு யார் கொடுப்பார்கள்? எனவே ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு நாள் வேண்டும் என்றேன். இந்த ரேம், கிராஃபிக்ஸ் கார்ட் இரண்டின் ஜாதகத்தையும் கொஞ்சம் புரட்டாமல் பதில் சொல்லக்கூடாது. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதுவும் வரும்.

*

முதலில், திரையில் எதற்குக் கார் ஓட்ட வேண்டும்?

தமிழ்நாட்டில் கார் பந்தயம் புதிது இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷங்கள் பந்தயம் நடந்திருக்கிறது. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டி, அந்த இடத்துக்குப் போன முதல் இந்தியர் ஆனார். அவருடைய அப்பாவே ராலி ஓட்டியவர். வீட்டில் பெட்ரோல் வாசனை இருந்தது.

திருப்பனந்தாள் பையனுக்கு என்ன இருக்கிறது? அணைக்கரை ரோடும் ஒரு டிராக்டரும் இருக்கிறது. பந்தயக் கார் என்பது டயர், எரிபொருள், மெக்கானிக், தட வாடகை எல்லாம் சேர்ந்த லட்சக்கணக்குச் சமாசாரம். ஆகவே திரை.

திரையில் கார் ஓட்டுவதை விளையாட்டு என்பதிலிருந்து நகர்த்தி, நிஜத்தின் நகல் என்று கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜெஃப் கிராமண்ட் என்ற இங்கிலாந்துக்காரர். 1980களின் நடுவில் பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக ரெவ்ஸ் என்று ஒன்றை எழுதினார். ஃபார்முலா த்ரீ கார். சில்வர்ஸ்டோன் தடம். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த மொத்த ரேம் 32 கேபி. ஜிபி இல்லை, எம்பி கூட இல்லை. கேபி.

அதற்குள் தடம், எதிராளிக் கார்கள், கியர், டயர்ப் பிடிமானம் எல்லாம் அடங்க வேண்டும். இடம் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? திரைக்கென்று ஒதுக்கிய நினைவகத்தில் வானம் இருக்கிற பகுதிக்குள் புரோகிராமின் ஒரு பகுதியை ஒளித்துவைத்தார். அந்த இடத்தில் எந்த நிறம் வந்தாலும் நீலமாகவே தெரியும்படி ஓர் ஏற்பாடு. பார்க்கிறவன் கண்ணுக்கு அது வானம். உள்ளே இருப்பது கணக்கு.

அண்ணன் மகன் யோசிக்கிற 16 ஜிபி என்பது அந்த 32 கேபியைப்போல 5 லட்சத்து 24 ஆயிரம் மடங்கு. அதுவும் போதுமா என்று சந்தேகம்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. களம் பெரிதானால் நெல்லும் பெருகத்தானே செய்யும்?

*

களம் என்று சும்மா சொல்லவில்லை. ரேம் என்றால் என்ன என்று அண்ணனுக்கு நான் விளக்கியது அப்படித்தான்.

ஹார்ட் டிஸ்க் என்பது குதிர். எத்தனை வேண்டுமானாலும் கொட்டி வைக்கலாம். ஆனால் குதிருக்குள் வைத்தே நெல்லைத் தூற்ற முடியாது. வெளியே எடுத்துக் களத்தில் பரப்பினால்தான் வேலை நடக்கும். அந்தக் களம்தான் ரேம். களம் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் எடுத்துப் பரப்பி, அள்ளி, திரும்பக் குதிருக்குள் கொட்டி, அடுத்ததை எடுக்க வேண்டும். ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நடந்தே களைத்துப்போவான்.

கடிதம் அடிக்கிறவனுக்கு இது பெரிய விஷயம் இல்லை. அரை நொடி தாமதித்தால் அரை நொடி. ஆனால் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற கார் ஒரு நொடிக்கு 69 மீட்டர் போகிறது. திரை அரை நொடி உறைந்து நின்றால் 35 மீட்டர் குருட்டு ஓட்டம். வளைவு வந்து, போயிருக்கும்.

இன்றைக்கு நாம் போடுகிற ரேமின் பரம்பரை 1966இல் ஆரம்பிக்கிறது. ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டெனார்டுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், மின்சாரத்தைத் தேக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர். இந்த ஜோடியில் ஒரு தகவலை வைக்கலாம். 1968இல் காப்புரிமை வாங்கினார். இதில் ஒரே சிக்கல், அது ஓட்டைக் குடம். மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். வடிந்து போவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும், நொடிக்குப் பல தடவை. கரண்ட் போனால் ரேமில் இருந்தது போச்சு என்பதற்கு இதுதான் காரணம்.

குடம் ஓட்டையாக இருந்தாலும் மலிவு. எனவே ஜெயித்தது. 1970இல் இன்டெல் இந்த வகையில் 1103 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 1024 பிட். அதாவது 128 எழுத்து. 16 ஜிபிக்கு அப்படிப்பட்ட சில்லுகள் 13 கோடியே 42 லட்சம் வேண்டும். இன்றைக்கு விரல் நீளத்தில் இரண்டு பட்டை.

*

சரி, கிராஃபிக்ஸ் கார்ட்?

சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிக்கு மேல் புள்ளிகளுக்கு நிறம் முடிவு செய்தாக வேண்டும். சிம் ரேஸிங்காரர்கள் பக்கவாட்டிலும் பார்வை வேண்டுமென்று மூன்று திரை வைப்பார்கள். அப்போது 37 கோடி. இந்த வேலையை பிராசஸர் தலையிலேயே கட்டினால் காரின் பௌதிகத்தை யார் கணக்குப் பார்ப்பது?

1996இல் கிராமண்ட் எழுதிய கிராண்ட் பிரிக்ஸ் 2 இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு பொத்தானைத் தட்டினால், பிராசஸர் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்று எண் காட்டும். நூறைத் தாண்டிவிட்டால் படம் விட்டு விட்டு ஓடாது. காலமே மெதுவாகும். ஒரு நொடி, ஒன்றரை நொடியாக நீளும். கடிகாரத்தில் அபாரமான நேரம் எடுத்ததாகக் காட்டும். ஆனால் நீங்கள் ஓட்டியது சேற்றில் மாடு நடக்கிற வேகத்தில்.

படம் போடுவதற்கு மட்டும் தனி ஆள் என்ற யோசனை விஸ்வரூபம் எடுத்ததும் அந்த வருஷம்தான். த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வூடூ என்ற சில்லைச் செய்திருந்தது. ஆரம்பத்தில் அவர்கள் குறிவைத்தது காசு போட்டு ஆடுகிற பெரிய மெஷின்களை. சான் ஃபிரான்சிஸ்கோ ரஷ் என்ற கார் பந்தய மெஷினுக்குள் இருந்தது அதுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது கட்டுபடியாகாத விலை. காரணம், கூடவே வைக்க வேண்டிய நினைவகம். அது விலை அதிகம்.

கதை திரும்புகிற இடம் இங்கேதான். 1996இல் நினைவகத்தின் விலை சரிந்தது. உலகமெங்கும் ஆலைகள் கட்டி, சரக்கு குவிந்து, வாங்க ஆளில்லை. த்ரீடிஎஃப்எக்ஸ் சட்டென்று வீட்டுச் சந்தைக்குள் புகுந்தது. வூடூ கார்டில் இருந்தது 4 எம்பி நினைவகம். இரண்டு எம்பி படத்துக்கு, இரண்டு எம்பி ரோடு, மரம், சுவர் இவற்றின் மேல்தோலுக்கு. ஆக, ரேம் மலிந்ததால் பிழைத்து வந்த குழந்தைதான் வீட்டுக்கு வந்த கிராஃபிக்ஸ் கார்ட். இரண்டும் அன்றிலிருந்தே ஒரே தொப்புள்கொடி. ஒன்றின் விலை ஏறினால் மற்றதும் மூச்சு முட்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ரோட் ரேஷ் ஓட்டியிருப்பீர்கள். 1997இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் 2 ஸ்பெஷல் எடிஷன், வூடூ கார்ட் இருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் தெரியும். கார்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கார் என்பது சதுரம் சதுரமாக வெட்டின அல்வாத் துண்டு. கார்ட் உள்ளதில் பானெட்டில் பளபளப்பு. கும்பகோணத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்தக் கார்ட் இருந்தது. அதற்கு க்யூ நிற்கும்.

த்ரீடிஎஃப்எக்ஸ் நிலைக்கவில்லை. 1993இல் ஆரம்பித்த என்விடியா 1999இல் ஜிஃபோர்ஸ் 256ஐக் கொண்டுவந்து, இதுதான் உலகின் முதல் ஜி.பி.யூ. என்று தண்டோரா போட்டது. 2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளையே வாங்குவதாக அறிவித்தது.

*

இப்போது என் சொந்தக் கதை.

1999. நான் பி.காம். இரண்டாம் வருஷம். அந்தக் குறுவைப் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். செப்டம்பர் ஆரம்பத்தில் கொட்டேஷன் வாங்கினோம். செப்டம்பர் 21ஆம் தேதி தைவானில் பூகம்பம். 2,400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சில்லு ஆலைகள் இருந்த ஷின்ச்சூவில் மின்சாரம் போய், உற்பத்தி நின்றது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த ரேம் விலை எகிறியது.

அக்டோபரில் நானும் அப்பாவும் மஞ்சள் பையில் பணத்தோடு கடைக்குப் போனோம். கொட்டேஷனில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. ஏன் என்று கேட்டால் பூகம்பம் என்றார்கள். தைவானில் பூமி ஆடினால் மண்ணியாற்றங்கரையில் நெல் விற்றவன் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 64 எம்பி ரேமுக்குப் பணம் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டால், திரையில் எண்ணி முடித்து 32 என்று நின்றது. திரும்பப் போய்க் கேட்டேன். "32தான் காட்டும் தம்பி, மிச்சம் 32 போர்டுக்குள்ளயே இருக்கு" என்றார் அந்தக் கடைக்காரர். காமர்ஸ் மாணவன் நம்பினேன். ஒரு வருஷம் கழித்து விஷயம் தெரிந்த நண்பன் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தபோதுதான் புரிந்தது.

அப்பாவிடம் கடைசி வரைக்கும் அதைச் சொல்லவில்லை. "கம்ப்யூட்டர் நல்லா ஓடுதாடா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஓடுதுப்பா" என்பேன். அவர் இப்போது இல்லை.

ஏமாற்றுக்காரக் கடைக்காரர் சின்ன மீன். பெரிய மீன்களின் கதையைப் பிற்பாடு படித்தேன்.

1993 ஜூலை 4. ஜப்பானில் நிஹாமா என்ற ஊரில் சுமிட்டோமோ கெமிக்கலின் ஆலை ஒன்று வெடித்தது. அங்கே தயாரானது சில்லு இல்லை. சில்லுக்கு மேலே கறுப்பாகப் பூசி மூடுகிற எபாக்ஸி பிசின். உலகத் தேவையில் பாதிக்கு மேல் அந்த ஓர் ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. செய்தி வந்ததுமே ரேம் விலை மளமளவென்று ஏறிவிட்டது. கையிருப்பு தீருவதற்கு முன்னாலேயே! பஞ்சம் வருவதற்கு முன்னால் பஞ்சம் வரும் என்ற பேச்சு வந்தால் போதும், மூட்டை பதுங்கிவிடும். நம் ஊர் மண்டிகளில் பார்க்காததா?

இன்னொன்று இதைவிட மோசம். 1990களின் இறுதியிலிருந்து 2002 வரையிலான காலத்தில், ரேம் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்து விலையை நிர்ணயித்ததாக அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. ஒப்புக்கொண்டார்கள். 2004இல் ஜெர்மனியின் இன்ஃபினியான் 16 கோடி டாலர் அபராதம். 2005இல் கொரியாவின் ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி. 2006இல் ஜப்பானின் எல்பிடா 8.4 கோடி. சில அதிகாரிகள் ஜெயிலுக்கும் போனார்கள். மொத்த அபராதம் 70 கோடி டாலருக்கு மேல். இதெல்லாம் அமெரிக்க அரசாங்கத்தின் கஜானாவுக்குப் போனது. திருப்பனந்தாளுக்கு ஒரு பைசா மணியார்டர் வரவில்லை.

சதி இல்லாவிட்டாலும் இந்த விலை ஏறி இறங்கத்தான் செய்யும். நான் படித்த பொருளாதாரத்தில் சிலந்தி வலைத் தேற்றம் என்று ஒன்று உண்டு. 1934இல் நிக்கலஸ் கால்டர் வைத்த பெயர். ஒரு வருஷம் உளுந்துக்கு நல்ல விலை. அடுத்த வருஷம் எல்லோரும் உளுந்து. விலை விழும். அதற்கடுத்த வருஷம் எவனும் போடமாட்டான். மறுபடி ஏறும். சில்லு ஆலையும் அப்படித்தான். கட்டி முடிக்க வருஷக்கணக்கு ஆகும். விலை ஏறும்போது எல்லோரும் சேர்ந்து கட்ட ஆரம்பிப்பார்கள். கட்டி முடிக்கிறபோது எல்லோருடைய சரக்கும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். 1996இல் விழுந்தது அப்படித்தான்.

*

அப்படியானால் 2025 கடைசியில் என்ன நடந்தது?

அதற்குக் காரணம் பூகம்பம் இல்லை. விளையாடுகிறவனுக்காகச் செய்த சாமானுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் கணக்குப் போடத் தெரிந்த கார்ட், வேறு கணக்குகளையும் ஒரே சமயத்தில் போடும் அல்லவா? என்விடியா 2006இல் அதற்கான வாசலைத் திறந்துவிட்டது. 2012இல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர், கடையில் விற்கிற கேம் கார்ட் இரண்டை வைத்து, படத்தைப் பார்த்து என்னவென்று சொல்கிற ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் ஆரம்பப் புள்ளிகளில் அது ஒன்று.

நடுவில் எத்தீரியம் என்ற மின்காசைத் தோண்டுகிறேன் என்று ஒரு கூட்டம் கார்டுகளை வாரிக்கொண்டு போனது. 2020, 2021இல் கடையில் கார்டே இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தக் கூட்டம் கலைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கார்ட் மட்டுமல்ல, மலை மலையாக நினைவகம். ஆலைக்காரன் என்ன செய்வான்? அதிக விலை கொடுக்கிறவனுக்கு நாற்று விடுவான். 2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம் போன்றவர்களுக்குச் சில்லறையில் ரேம் விற்றுவந்த தொழிலையே நிறுத்துவதாக அறிவித்தது. பையன் நோட்டில் இருந்த இரண்டாவது விலைக்கு அர்த்தம் அதுதான்.

*

மறுநாள் காலை அண்ணன் கேட்டார். "என்னடா, முடிவு பண்ணிட்டியா? வெளையாட்டுக்கு இவ்வளவு காசா?"

விளையாட்டா என்பது முதல் கேள்வி. ஜான் ஹென்றி என்று ஓர் அமெரிக்கர். சோயா பயிரிட்ட விவசாயக் குடும்பம். விளைச்சலுக்கு நல்ல விலை கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற கவலையில் முன்பேர வணிகம் கற்றுக்கொண்டு, அதிலேயே பெரும் பணக்காரர் ஆனவர். அவரும் டேவிட் கேமர் என்ற மென்பொருள்காரரும் சேர்ந்து 2004இல் ஆரம்பித்ததுதான் ஐரேஸிங். 2008இல் சந்தைக்கு வந்தது. நிஜப் பந்தய வீரர்களே பயிற்சிக்கும் பொழுதுபோக்கிற்கும் அதில் ஓட்டுகிறார்கள். ஃபார்முலா ஒன்னில் 2009 முதல் சீசன் நடுவே தடத்தில் ஓட்டிப் பார்ப்பதைக் கட்டுப்படுத்தியபின், அணிகள் எல்லாம் சிமுலேட்டர் அறைக்குள் போய்விட்டன. 2020 மார்ச் 22 அன்று நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து மாலையில் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தோமே, அதே நாள்தான் ஃபார்முலா ஒன் தன் முதல் திரைப் பந்தயத்தை நடத்தியது. ஜெயித்தவர் சீனாவின் ஜோ குவான்யூ. இரண்டு வருஷத்தில் நிஜ ஃபார்முலா ஒன்னிலும் ஓட்டினார்.

வீட்டில் பிளேஸ்டேஷனில் ஓட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்துப் பையன் ஜான் மார்டன்பரோ, 2011இல் ஒரு போட்டியில் ஜெயித்து, 2013இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நிஜக் கார் ஓட்டினான். ஆனால் லட்சம் பேரில் ஒருவன். அதை வைத்து அண்ணனுக்கு ஆசை காட்டுவது பாவம். ஆகவே காட்டவில்லை.

நான் காட்டியது பையனின் நோட்டை. விலைப் பட்டியலுக்குப் பின்பக்கம் இருபது பக்கங்கள். கும்பகோணத்தில் சிநேகிதன் வீட்டு மெஷினில் ஓட்டியபோது எழுதிய குறிப்பு. டயர் காற்றை இவ்வளவு குறைத்தேன், மூன்றாவது வளைவில் பின்பக்கம் பிடித்தது, நேரம் இவ்வளவு. ஸ்பிரிங்கை மாற்றினேன், மோசம். அண்ணன் ஒரு பக்கத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். டிராக்டர் டயருக்கு உழவுக்கு ஒரு காற்று, ரோட்டுக்கு ஒரு காற்று வைக்கிறவர் அவர். அந்தப் பக்கம் அவருக்குப் புரிந்தது.

அப்புறம் பட்டியலுக்கு வந்தோம். முப்பத்திரண்டு வேண்டாம், பதினாறு. ஆனால் ஒரே பட்டையாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு. ஒரு மதகில் வருகிற தண்ணீர் இரண்டு மதகில் வந்தால் வயல் சீக்கிரம் நிறையும். அதே கணக்கு. மதர்போர்டில் நான்கு இடம் இருக்கட்டும். விலை இறங்குகிற காலத்தில் மிச்ச இரண்டை நிரப்பிக்கொள்ளலாம். 1996 ஒரு தடவை வந்தது என்றால் இன்னொரு தடவையும் வரும். மூன்று திரையா? வேண்டாம், வீட்டு டிவியே போதும். ஒரே திரை என்றால் கார்டில் 8 ஜிபி நினைவகம் தாங்கும். மூன்று திரை, கண்ணில் மாட்டுகிற வி.ஆர். என்று போனால்தான் 12, 16 எல்லாம். கார்டில் மிச்சம் பிடித்ததில் பாதியைப் பிராசஸரில் போடு. ஏனென்றால் டயரும் ஸ்பிரிங்கும் கணக்குப் பார்க்கப்படுவது அங்கேதான். 92 ஆயிரம், 71 ஆயிரமாக இறங்கியது.

"பெரிய கார்ட் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்களே, சித்தப்பா?" என்றான்.

எழுந்து நின்றால் கோயில் கோபுரம் தெரிகிற திண்ணை அது. "உங்க ஊர்க் கதையே தெரியாதாடா?" என்றேன். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த அரசன் யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தான். நகரவில்லை. கலயர் வந்து, கயிற்றின் ஒரு நுனியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுத்தார். நிமிர்ந்தது. பக்தியைப் பற்றிய கதைதான். ஆனால் யானை பெரிதாக இருந்தால் மட்டும் காரியம் நடக்காது என்பதும் அதில் இருக்கிறது. எங்கே இறுக்கம் என்று பார்த்து அங்கே கயிற்றைக் கட்ட வேண்டும்.

அண்ணன் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. அடுத்த சாகுபடிக்கு டிராக்டரை அவன்தான் ஓட்ட வேண்டும், கூலி ஆள் கிடையாது. பையன் ஒப்புக்கொண்டான். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் வந்தது.

மாசி மாதம் மறுபடி போனேன். மெஷின் வந்து, மாட்டி, தயாராக இருந்தது. ஸ்டியரிங் கும்பகோணத்துச் சிநேகிதனின் பழையது. அண்ணன் முதல் ஆளாக உட்கார்ந்து சில்வர்ஸ்டோனில் ஓட்டினார். முதல் வளைவிலேயே புல்லுக்குள் போய், உழவு ஓட்டுவதுபோல நிதானமாக ஒரு சுற்று வந்தார்.

அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். ரேஸ் ஓட்ட இல்லை. முதல் வேலையாக மெமரி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தேன்.

பதினாறு இருந்தது.